விலை இறங்கட்டும்

கண்ணாடிக் கடையின் பின்பக்க அறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. வட்டமாக வருகிற லென்ஸை, வாடிக்கையாளருக்குப் பிடித்துப்போன பிரேமுக்குள் உட்காரும்படி அது தேய்த்துக் கொடுக்கும். தேய்க்கும்போது சூடேறாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரும் லென்ஸ் தூளும் கலந்து வெள்ளைச் சேறாகக் கீழே ஒரு வாளியில் வடியும். பவரின் செல்போன் விழுந்தது அந்த வாளிக்குள்தான்.

பவர் என்பது கடையில் அவனுக்கு வைத்த பெயர். ப்ளஸ் பவர், மைனஸ் பவர் என்று நாள் முழுக்க லென்ஸோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் வந்தது. மற்றபடி பவர் என்று சொல்லிக்கொள்ள அந்த ஆளிடம் எதுவும் இருந்ததில்லை. சம்பள உயர்வு கேட்கலாம் என்று முதலாளி அறைக்குள் போனால், முதலாளிக்கு டீ சொல்லிவிட்டுத் திரும்பி வருகிற ரகம். நாற்பதைத் தாண்டிவிட்டான். பிள்ளைகள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

வாளியைக் காலி செய்யக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து போன் நழுவி விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் அடித்துப் பிடித்துக் கையை விட்டு எடுத்திருப்பார்கள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சேற்றுக்கடியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் தெரிந்தது, பிறகு அணைந்தது. அதற்கப்புறம்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே துழாவினான்.

"என்னண்ணே நீங்க, யார் வீட்டுப் போனோ மாதிரி எடுக்கறீங்க!" என்று கவுண்டரில் உட்காரும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "சீக்கிரம் ரிப்பேர் கடையில பேட்டரியைக் கழட்டச் சொல்லிக் கொடுங்க."

பழுது பார்க்கிறவன் திறந்து பார்த்து, மோந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினான். "போர்டு போயிடுச்சுண்ணே. மாத்தலாம். மாத்துற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வரும்."

புதுசு விற்கிற கடை அடுத்த தெருவில் இருந்தது. அங்கே நிற்கிற விற்பனைப் பெண் அவன் கையிலிருந்த பழைய போனைப் பார்த்துவிட்டு, அதே கம்பெனியின் இந்த வருடத்து மாடலை எடுத்து வைத்தாள். விலையைக் கேட்டான். அவனுடைய மாதச் சம்பளத்தில் பாதி. பழையதை வாங்கும்போது கால்வாசிகூட ஆகவில்லை.

"ஏம்மா இப்படி?"

"உள்ள இருக்கிற மெமரிக்குத் தட்டுப்பாடுன்னு சொல்றாங்கண்ணே. எல்லாத்தையும் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க அள்ளிட்டுப் போயிடறாங்களாம். இன்னும் ஏறும்னுதான் பேச்சு."

"சரி, விலை இறங்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த நேரத்தில் அதை அவன் யோசித்துச் சொல்லவில்லை. எதையாவது சொல்லிவிட்டு வெளியே வரவேண்டும், வாயில் வந்தது அது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இது மாமா போன் பண்ணுகிற நேரம். இன்றைக்கு வராது.

மாமா என்றால் மனைவியின் அப்பா. மனைவி இருந்த காலத்தில் வேலை முடிந்து வந்ததும் அவருக்குப் போன் போடுவாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே சமைப்பாள். மாடிவீட்டுக்காரி எதிர்வீட்டுக்காரியிடம் சண்டை பிடித்தது, பஸ்ஸில் எவனோ காலை மிதித்தது, எல்லாம் போகும் அந்தப் பக்கத்துக்கு. அவள் போன பிறகு, அதே நேரத்துக்கு மாமா இவனுடைய போனுக்கு அடிக்க ஆரம்பித்தார்.

"என்ன மாப்ளை, வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் மாமா."

"சாப்பாடு?"

"ஆகணும் மாமா. நீங்க?"

"ஆச்சு. வேற?"

"வேற ஒண்ணுமில்ல மாமா."

அதற்குப் பிறகு அவர் வீட்டு டிவியில் யாரோ செய்தி வாசிப்பது கேட்கும். இவன் வீட்டுக் குழாய் சொட்டுவது அவருக்குக் கேட்டிருக்கும். கடைசியில், "சரி, வெச்சுடட்டுமா?" என்பார். "சரிங்க மாமா" என்பான். மறுநாளும் இதேதான். ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

துக்கமாக இருக்கிறதா என்று கேட்டவர்களிடம் 'தெரியலையே' என்பான். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும்? தொட்டால் கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அவன் மொத்தமாகவே அப்படி இருந்தான். சாப்பிட்டான், லென்ஸ் தேய்த்தான், துணி துவைத்தான். போன் மணி அடிக்கிறபோது மட்டும் அந்தக் கன்னத்தை யாரோ தட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். இப்போது தட்ட ஆளில்லை. அன்று விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்துவிட்டுப் படுத்தான்.

போன் இல்லாத நாட்கள் அப்படியே போயின. 'விலை இறங்கட்டும்' என்ற வார்த்தை எவ்வளவு வசதியானது என்பதைப் போகப் போகத்தான் கண்டுகொண்டான்.

"யோவ் பவர், அவசர ஆர்டரையெல்லாம் நான் போன்லதான்யா அனுப்பறேன். நீ கல்வெட்டுல செதுக்கச் சொல்லுவ போலிருக்கே!" என்றார் முதலாளி.

"கவுண்டர் பொண்ணுக்கு அனுப்புங்க சார், கேட்டுக்கறேன். இப்ப வாங்கினா ரெட்டை விலை. ரெண்டு மாசத்துல இறங்கிடும்."

முதலாளி 'சரிய்யா' என்று போய்விட்டார். காசு விஷயத்தில் கெட்டியாக இருக்கிறவன் மேல் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை.

அவனுடைய அக்கா, கண்ணாடிக் கடையின் போனுக்கே அடித்து அவனைப் பிடித்தாள். தம்பிக்கு இன்னொரு கல்யாணம் பண்ணி வைத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். பார்த்து வைத்த பெண்ணைப் பற்றி ஜாதகம் தவிர எல்லா விவரமும் கையில் வைத்திருந்தாள்.

"பணம் நான் தர்றேன்டா. முதல்ல ஒரு போன் வாங்கித் தொலை. பொண்ணு போட்டோ அனுப்பணும்."

"பணம் இல்லாம இல்லக்கா. இந்த விலைக்கு வாங்கினா என்னை மாதிரி முட்டாள் கிடையாது. கொஞ்சம் பொறு."

'எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை' என்று சொல்லியிருந்தால் அக்கா அடுத்த பஸ்ஸிலேயே மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருப்பாள். விலை அதிகம் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "அவன் சொல்றதும் சரிதானே" என்று அவளே மாமாவிடம் சொல்லியிருக்கிறாள்.

சொன்ன பொய்க்குக் கொஞ்சமாவது உண்மை சேர்க்க வேண்டும் என்றோ என்னவோ, சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகும் வழியில் போன் கடைக்குள் நுழைந்து விலை விசாரிப்பதை வழக்கமாக்கிக்கொண்டான். விற்பனைப் பெண்ணுக்கு அவன் பழகிப்போனான்.

"வாங்கண்ணே, இன்னிக்கும் விசாரிக்கத்தானே?" என்று சிரிப்பாள்.

"எவ்வளவும்மா இப்ப?"

அவள் சொல்வாள். ஏறியிருக்கும். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். பாதிச் சம்பளமாக இருந்தது ஒரு வாரம் கொஞ்சம் கூடியது, அடுத்து சும்மா இருந்தது, பிறகு முக்காலைத் தொட்டது. மற்ற வாடிக்கையாளர்கள் வாயைப் பிளப்பார்கள், முணுமுணுப்பார்கள். இவன் மட்டும் நல்ல சேதி கேட்டவன் போல நிம்மதியாக வெளியே போவான். இன்னும் ஒரு வாரம் யாரும் கேட்க முடியாது. விற்பனைப் பெண்ணுக்கு அது விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள், "அண்ணே, உண்மையிலேயே உங்களுக்குப் போன் வேணுமா?" என்று கேட்டே விட்டாள். "வேணும்மா. வேணும்னுதானே வர்றேன்" என்றான்.

மாமா வந்தது ஒரு வேலை நாளில், மத்தியானம்.

பிளாஸ்டிக் பிரேம் ஒன்றை வெப்பக்காற்றில் காட்டி இளக்கிக்கொண்டிருந்தான். கவுண்டர் பெண் எட்டிப் பார்த்து, "உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்கண்ணே. மாமனாராம்" என்றாள். இளகிய பிரேமை அப்படியே விட முடியாது. லென்ஸை அழுத்தி உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீரில் காட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். ஆள் கலகலப்பு. லிஃப்ட் நடுவில் நின்று மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறவரைக்கும் மேலேயிருந்து ஜோக் சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பாராம். மகள் போன பிறகு அந்தக் கலகலப்பை யாரும் பார்க்கவில்லை. இப்போது ரெண்டு பஸ் மாறி வந்த களைப்போடு, விலை எழுதிய பிரேம்களுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க மாமா. என்ன திடீர்னு?"

"சும்மாதான் மாப்ளை. ஆளு இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு."

முதலாளியிடம் சொல்லிவிட்டு எதிரிலிருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரெண்டு டீயும் ரெண்டு பன்னும் வந்தன. பன்னை யாரும் தொடவில்லை.

"போன் கெட்டுப்போச்சு மாமா. விலை கன்னாபின்னான்னு ஏறிக்கிடக்கு. இறங்கட்டும்னு பாக்கறேன்."

"அக்கா சொன்னாங்க."

"அதான் மாமா."

"விஷயம் தெரிஞ்சும் நான் தினமும் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் மாமா. "ஒரு பொண்ணு பேசும்ல, 'நீங்கள் தொடர்பு கொண்ட எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது'ன்னு. அது முடிக்கிற வரைக்கும் இருந்து கேட்டுட்டு வைப்பேன். பாதியில வெச்சா மரியாதையா இருக்காதுன்னு."

அவன் டீயைப் பார்த்தான். ஆடை படிந்திருந்தது.

"மாப்ளை, ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லணும். நான் தினமும் போன் பண்றது உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சா?"

'சேச்சே, என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்வதற்கு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். அவ்வளவு வேலை செய்ய அவனிடம் தெம்பு இல்லை.

"ஆமா மாமா" என்றான்.

சொன்ன பிறகு, இப்போது தனக்குக் கஷ்டமாக இருக்க வேண்டும் என்று நினைத்தான். மகளைப் பறிகொடுத்த மனிதர், வெயிலில் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கஷ்டம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். தூக்கி வைத்திருந்த பாரத்தை இறக்கின மாதிரி அவருடைய தோள் ரெண்டும் தளர்ந்தன.

"அப்பாடா" என்றார். "எனக்கும்தான் மாப்ளை."

"என்ன மாமா?"

"இன்னிக்கு என்ன பேசறதுன்னு மத்தியானத்துலேர்ந்தே மண்டையை உடைச்சுக்குவேன். ஒண்ணும் தோணாது. கடைசியில சாப்டீங்களான்னு கேட்டுட்டு வெச்சுடுவேன்."

"பின்ன எதுக்கு மாமா பண்ணீங்க?"

"நீங்க முதல் மணியிலேயே எடுத்தீங்களே! சரி, தனியா இருக்கற மனுஷன், நம்ம போனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காருன்னு நெனச்சேன்."

"நீங்க பாவம், ரொம்ப நேரம் மணி அடிக்க விடக்கூடாதேன்னு எடுத்தேன் மாமா."

மாமா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தொண்டைக்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்தார். "நல்லா இருக்கு போங்க. ஒரு வருஷமா நாம ரெண்டு பேரும் சேர்ந்து போன் கம்பெனிக்காரனைக் குடும்பத்தோட வாழ வெச்சிருக்கோம்." சிரிப்பு பாதியில் நின்றது. "அவ பேசுவா. நான் 'ம்' கொட்டுனாப் போதும். வீட்டுல நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீங்க. 'ம்' கொட்டுற ரெண்டு ஆளை விட்டுட்டுப் போயிட்டா. நாம என்னத்தைப் பேசறது?"

டீக்கடைக்காரர் வந்து, டீ நன்றாக இல்லையா என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, ஆறிப்போனதை எடுத்துக் குடித்தார்கள்.

"இனிமே தினமும் பண்ண மாட்டேன்" என்றார் மாமா. "ஆனா போன் வாங்கிடுங்க."

"விலை…"

"தெரியும். கேளுங்க. போன மாசம் மாடிப்படியில லேசா மயக்கம் வந்துச்சு. ஒண்ணுமில்ல, ரத்த அழுத்தம், மாத்திரை கொடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு, உங்களுக்கு ஏதாவதுன்னா யாருக்குச் சொல்லணும்னு கேட்டுச்சு. வேற யாரைச் சொல்றது, உங்க நம்பரைத்தான் சொன்னேன். அங்கேயே அடிச்சுப் பாத்துட்டு, அணைச்சு வெச்சிருக்குங்கய்யா, வேற நம்பர் இருக்கான்னுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லன்னேன்."

அவன் எழுந்து டீக்குக் காசு கொடுத்தான். "வாங்க மாமா, கடை பக்கத்துலதான்" என்றான்.

சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில், கூட ஒரு ஆளோடு அவன் வருவதைப் பார்த்த விற்பனைப் பெண் விஷயம் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டாள். கேட்காமலேயே பெட்டியை எடுத்து வைத்தாள்.

"இன்னிக்கு நிஜமாவே வாங்கறீங்களாண்ணே?"

"ஆமாம்மா. எவ்வளவு, போன வாரம் சொன்னதுதானே?"

அவள் உதட்டைக் கடித்தாள். "இல்லண்ணே. நேத்து மறுபடி ஏத்திட்டாங்க."

சொன்னாள். கிட்டத்தட்ட அவனுடைய முழு மாதச் சம்பளம்.

முதலில் காது சூடானது. என்னவென்று அவனுக்கே பிடிபடவில்லை. பிறகு அது கழுத்துக்கு இறங்கியது.

"என்னம்மா அநியாயம் இது?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விற்பனைப் பெண் ஓரடி பின்னால் போனாள். எத்தனையோ தடவை விலை ஏறினபோதெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டுப் போன ஆள் இவன்.

"நான் என்னண்ணே பண்றது? அப்பவே வாங்கியிருக்கலாம்ல நீங்க?"

"அப்பவே வாங்கியிருக்கலாம்! இப்ப சொல்லு! எல்லாரும் இப்ப சொல்லுங்க! யாரைக் கேட்டு ஏத்துனாங்க? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? போன வாரம் இருந்தது இந்த வாரம் இல்லன்னா மனுஷன் என்னதாம்மா பண்ணுவான்?"

குரல் உடைந்து கீச்சென்றது. மேனேஜர் எழுந்து வரப் பார்த்தார். மாமா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். மருமகனைத் தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றார்.

வந்த வேகத்திலேயே கோபம் வடிந்தது. விற்பனைப் பெண் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, தன்னுடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். உட்கார்ந்து குடித்தான்.

"மன்னிச்சுக்கம்மா. உன்னைச் சொல்லல."

"தெரியும்ணே."

"மாப்ளை, வேணாம்னா வேணாம்" என்றார் மாமா மெதுவாக. "பட்டன் போன் ஒண்ணு வாங்கிக்குங்க. சேதி சொல்றதுக்கு அது போதும்."

விற்பனைப் பெண் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தாள். போன வருடத்து மாடல். காட்சிக்கு வைத்திருந்தது. பின்பக்கத்தில் ஒரு கீறல். அதற்கே முக்கால் சம்பளம் கேட்டார்கள்.

அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். இத்தனை வாரமாக விலை விசாரித்திருந்தானே தவிர, அந்த விலைக்கு இது தகுமா என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இப்போதுதான் யோசித்தான். முதலாளியின் ஆர்டர் வரும், அக்கா போட்டோ அனுப்புவாள். மற்றபடி என்றைக்கோ ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரப்போகிற ஒரே ஒரு அழைப்பு. அது வரவே கூடாது. வராமல் போனால் கொடுத்த காசு தண்டம். அப்படிப்பட்ட ஒன்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? கணக்கு எந்தப் பக்கமாகப் போட்டாலும் விடை வரவில்லை.

"பில் போடும்மா" என்றான். பணம் கட்டும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. "பகல் கொள்ளை. அந்தக் கீறலுக்காவது கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" அவள் மேனேஜரிடம் போய்ப் பேசி போனுக்கு ஒரு உறையை இலவசமாக வாங்கி வந்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தான். "நாளைக்குப் பண்ண மாட்டேன்" என்றார் மாமா, படியில் ஏறும்போது. "சரிங்க மாமா" என்றான்.

சொன்னபடியே மறுநாள் மாமாவிடமிருந்து போன் வரவில்லை. அந்த வாரம் அக்காவை அவனே கூப்பிட்டு, கல்யாணப் பேச்சை விட்டுவிடச் சொன்னான். அவள் அழுதாள், திட்டினாள், பிறகு குழம்பு வைக்கிறாயா, ஓட்டலில் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். கடையில் ஒரு வாரம் யாரைப் பார்த்தாலும் போன் விலையைச் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டான். "வாங்கியாச்சுல்ல, விட்டுத் தொலையேன்யா" என்று முதலாளியே சலித்துக்கொள்ளும்வரை ஓயவில்லை. அப்புறம் அதுவும் அடங்கிப்போனது. பழைய மாதிரியே சாப்பிட்டான், லென்ஸ் தேய்த்தான், துணி துவைத்தான்.

மாதம் ஒன்று போயிருக்கும். வேலை நேரத்தில் மணி அடித்தது. திரையில் மாமா பெயர். இயந்திரத்தை அப்படியே நிறுத்தினான். ஈரக் கையைத் துடைக்காமலே எடுத்தான்.

"மாமா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல, பதறாதீங்க. மாத்திரை அட்டையில எழுதியிருக்கறது தெரியவே மாட்டேங்குது மாப்ளை. காலையில போடறதை ராத்திரி போட்டுட்டேன். கண்ணாடி மாத்தணும் போல."

"எப்ப வர்றீங்க?"

"செவ்வாய்க்கிழமை வரட்டுமா?"

"வாங்க. பழைய கண்ணாடியையும் எடுத்துட்டு வாங்க, பிரேம் நல்லா இருந்தா அதுலயே போட்டுடலாம்."

"லென்ஸ் விலையும் ஏறியிருக்குமே?"

"ஏறித்தான் மாமா இருக்கு. நீங்க வாங்க."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ரெண்டு பேரும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மாமாவே முதலில் வைத்தார்.